ஜாதி நாய் எது?

'ஜாதி நாய்' என்னும் சொல் நம்மவர் பேச்சில் சர்வ சாதாரணமாக வழங்குகிறது. தெருவில் திரிவது வெறும் நாய். சங்கிலியில் கட்டிப் பாலும் இறைச்சியும் ஊட்டி வளர்ப்பது ஜாதி நாய். ஆனால் ஒரு நாயை ஜாதி நாயென்று நாம் தீர்மானிப்பது எந்த ஆதாரத்தைக் கொண்டு? அதன் தோற்றத்தைக் கண்டா? தாய் தந்தையர் பெயரெழுதிய சீட்டைக் கண்டா? அல்லது அது செய்யும் வேலையைக் கண்டா? நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றாது. நிரூபிக்க வேண்டிய விஷயம் யாது, அதற்குத் தகுந்த சாக்ஷியம் எது என்பதைத் தீர்த்துவிட்டால் வழக்கில் பாதி முடிந்த மாதிரி. இப்படியொரு வழக்கு, ஒரு நாயினத்தைக் குறித்து, மேனாட்டில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. ஒரு கட்சியினர் மலைநாட்டு இடையர்கள். எதிர்க்கட்சியினர் நாய்க் கண்காட்சி நடத்தும் கனவான்கள். வழக்கில் சிக்கியிருப்பது, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையிலுள்ள மலைகளில் உருவான 'பார்டர் கோலி' என்னும் ஆடு மேய்க்கும் நாய்.

ஆட்டு மந்தைக்குத் துணை செய்யும் நாய்கள் யாவும் ஒரே தொழில் புரிவன அல்ல. ஓநாயும் கரடியும் உலாவும் தேசங்களில் இடையனுக்கு வேண்டுவது காவல் நாய். பிரனீஸ் மலைகளிலும் இத்தாலியின் அபெனைன் மலைகளிலும் உள்ள பெரிய வெண்ணிற நாய்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவை குட்டிப் பருவந்தொட்டே ஆடுகளுடன் கிடந்து, ஆடுகளையே தம் சுற்றமாகக் கருதி, பகை விலங்கு வந்தால் எதிர்த்து நிற்கும். ஆட்டை இங்கிருந்து அங்கே ஓட்டு என்றால் அவற்றுக்குத் தெரியாது. ஓட்டும் நாய் வேறு. அதற்குப் பருமன் வேண்டுவதில்லை. காலில் வேகமும் காதில் கூர்மையும் இருந்தால் போதும். எலிஸபெத் ராணிக்கு வைத்தியராயிருந்த ஜான் கேயஸ் என்பவர் 1570-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் நாய்களைப் பற்றி லத்தீன் மொழியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் இந்த வேற்றுமை தெளிவாகக் கூறப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் ஓநாய் இல்லையாதலின் இடையனுடைய நாய் நடுத்தர உருவமே உடையது என்றும், எஜமானனின் குரலையோ சீழ்க்கையையோ கேட்டுச் சிதறிய ஆடுகளை அவன் விரும்பிய இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது என்றும் அவர் எழுதுகிறார். வேறு தேசங்களில் இடையன் முன்னே செல்ல ஆடுகள் பின்தொடர்கின்றன. இங்கிலாந்திலோ ஆடுகள் முன்னே செல்ல இடையன் பின்தொடர்கிறான் என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். பின்னால் வருகிறவனுக்குத்தான் முன்னால் ஓடி மடக்க ஒரு துணை வேண்டும்.

ஆட்டை ஓட்டும் நாய் ஏதோ ஓரிடத்தில் தோன்றி உலகெங்கும் பரவியதென்று எண்ணுதல் தவறு. 161 இனங்களைச் சேர்ந்த நாய்களின் மரபணுக்களை ஒப்பிட்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, பிரிட்டனின் மேய்ப்பு நாய்கள் ஒரு வமிசம். மத்தியதரைக் கடலோரத்து மேய்ப்பு நாய்கள் வேறு வமிசம். தேவை பிறந்த இடந்தோறும் குடியானவர்கள் தம்மிடமிருந்த நாய்களிலிருந்தே தமக்கு வேண்டியவற்றைப் பொறுக்கி எடுத்திருக்கின்றனர். இதில் ராஜாக்களுக்கோ பண்டிதர்களுக்கோ பங்கு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இந்தக் காரியத்தில் உழைத்திருக்கிறார்கள்.

எல்லைப்புறத்து மலைகளில் அத்தேவை மிகவும் கடுமையாயிருந்தது. செவியட் மலைத்தொடரில் வேலியென்பது அரிது, மரமும் அதிகமில்லை. மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆடுகள் வருஷத்தின் பெரும்பகுதி மலைமீதே திரிகின்றன. ஈற்றுக் காலத்திலும், மயிர் கத்தரிக்கும் காலத்திலும், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் காலத்திலும் அவையனைத்தையும் கீழே கொண்டுவந்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான ஆடுகளுக்கு ஒரே இடையன். நாயில்லாமல் அவனொருவனால் ஆகக்கூடிய காரியமல்ல அது.

இவ்விடத்தில் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சரித்திரம் ஒன்றுண்டு. நாய்களைப் பற்றிய புஸ்தகங்களில் அதற்கு அதிக இடம் கிடைப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஆலைகளுக்குக் கம்பளி மயிர் மேன்மேலும் வேண்டியிருந்தது. பெருகிவரும் பட்டணங்களுக்கு ஆட்டிறைச்சியும் வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் வடபகுதியிலுள்ள ஜமீன்தார்கள் கணக்குப் போட்டுப் பார்த்தனர். சிறு குடிகள் கொடுக்கும் வாரத்தைக் காட்டிலும், அதே நிலத்தைச் செவியட் ஆடு வளர்ப்பவனுக்குக் குத்தகைக்கு விட்டால் வரும் பணம் அதிகம். குடிகளை வெளியேற்றினர். 1792-இல் ராஸ் ஜில்லாவின் குடிகள் ஒன்றுகூடி, ஆயிரக்கணக்கான ஆடுகளைத் தெற்கு நோக்கி ஓட்டிவிட முயன்றனர். பட்டாளம் வந்தது, முயற்சி குலைந்தது. கேலிக் மொழி பேசும் அம்மக்கள் அவ்வருஷத்துக்கு 'ஆடுகளின் வருஷம்' என்றே பெயரிட்டு வழங்கினர். 1814-இல் ஸதர்லண்டு ஜமீனைச் சேர்ந்த ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளைக் கொளுத்திக் குடிகளை விரட்டியதாகப் பாட்ரிக் ஸெல்லர் என்ற ஜமீன் காரியஸ்தர்மீது வழக்கு நடந்தது. 1816-இல் ஜூரர்கள் அவரை விடுதலை செய்தனர். ஸெல்லர் சட்டம் படித்து வக்கீல் தொழில் செய்தவர். நம் தொழிலுக்கு இதுவும் ஒரு பெருமையாக்கும்! காலியான அப்பள்ளத்தாக்குகளுக்கு எல்லைப்புறத்து இடையர்கள் ஆடுகளோடு வந்து சேர்ந்தனர். அவர்களுடைய நாய்களும் வந்தன. பல குடும்பங்கள் இருந்து பயிரிட்ட மலைச்சரிவுகளைப் பின்பு ஓர் இடையனும் இரண்டு நாய்களும் பார்த்துக்கொண்டனர். நாயின்மேல் குற்றம் சொல்வாரில்லை. எனினும், ஒரு மனிதனைக்கொண்டு ஒரு மலையையே மேய்க்கலாம் என்ற கணக்கு, இந்த நாய் இருந்ததனால்தான் பலித்தது.

இனி அந்த வேலையின் தன்மையைப் பார்ப்போம்.

பார்டர் கோலி உருவத்தில் பெரியதன்று. எடை பெரும்பாலும் 14 முதல் 20 கிலோவுக்குள் இருக்கும். கறுப்பும் வெள்ளையும் கலந்த நிறமே அதிகமாயினும், செம்பழுப்பு, சாம்பல், மூவர்ணம் எல்லாம் உண்டு. நீண்ட மயிருள்ளதும் உண்டு. குட்டை மயிருள்ளதும் உண்டு. காது சிலவற்றுக்கு நிமிர்ந்தும் சிலவற்றுக்குத் தொங்கியும் இருக்கும். இடையர்கள் இவற்றையெல்லாம் பொருட்படுத்துவதேயில்லை. அவர்கள் கேட்பது, நாய்க்குக் 'கண்' உண்டா என்பதே.

'கண்' என்பது அவர்களுடைய தொழில் வழக்கில் ஒரு தனிப்பொருள் உடையது. இந்நாய் குரைத்து ஆட்டை மிரட்டுவதில்லை. காலைக் கடித்து விரட்டுவதுமில்லை. தலையைத் தாழ்த்தி, உடலைத் தரையோடு ஒட்டினாற்போல் பதித்து, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடியே நின்று, ஆடுகளை இமையாமல் பார்க்கும். அந்தப் பார்வையில் ஆடு தன் பகைவனை அடையாளம் கண்டுகொள்கிறது. ஆனால் பகைவன் பாயவில்லை. ஆகவே ஆடு வெருண்டு ஓடாமல், மெல்ல விலகி நடக்கிறது. நாய் ஓரடி வைத்தால் ஆடும் ஓரடி வைக்கும். ஓநாய் வேட்டையாடும் முறையில் நோட்டமிடுதல், பதுங்கி அணுகுதல், துரத்துதல், கவ்விப் பிடித்தல், கொல்லுதல் எனப் பல படிகள் உண்டு. இவற்றுள் முன் படிகளை வளர்த்து, பின் படிகளை அடக்கி, தலைமுறை தலைமுறையாக இடையர்கள் செய்த தேர்வின் பயனே இந்நாய். கொலைத் தொழிலிலிருந்து கொலையை மட்டும் கழற்றியெடுத்த விந்தை இது. அது முற்றிலும் கழன்றுவிட்டதென்றும் சொல்வதற்கில்லை. பழக்காமல் விட்ட நாய் ஆட்டைக் கடித்துக் குதறுவதும் உண்டு.

இதைவிட அதிசயம், வளைத்து மடக்கும் குணம். சில மாதக் குட்டியை முதன்முதலாக ஆடுகளிடம் விட்டால், யாரும் கற்பிக்காமலேயே அது சுற்றிக்கொண்டு அப்புறம் போய், எஜமானனுக்கு நேர் எதிரில் நின்று, ஆடுகளை அவனை நோக்கித் தள்ளும். அவன் இடம் பெயர்ந்தால் அதுவும் இடம் பெயரும். ஆகையால் ஆட்டைக் கொண்டுவரக் கற்பிக்க வேண்டிய அவசியமேயில்லை. கற்பிக்க வேண்டியது வேறு: நில், படு, இடப்புறமாகச் சுற்று, வலப்புறமாகச் சுற்று, மெல்ல நட, போதும். அத்துடன் கஷ்டமானதொன்று, ஆடுகளை எஜமானனிடமிருந்து அப்பால் ஓட்டிச் செல்லுவது. அது நாயின் இயற்கைக்கே விரோதமானது. அரை மைலுக்கு அப்பாலிருக்கும் நாய்க்கு இத்தனையும் சீழ்க்கையாலேயே தெரிவிக்கப்படுகிறது.

ஆனால் கட்டளைக்குக் கீழ்ப்படிவது மட்டும் இதன் சிறப்பென்று எண்ணிவிடக் கூடாது. மேட்டுக்கு அப்பால் இடையனுக்குத் தெரியாத பள்ளத்தில் இரண்டு ஆடுகள் தங்கிவிட்டால், அவற்றை அழைத்துவர வேண்டுமென்று முடிவு செய்ய வேண்டியது நாய்தான். 'எட்ரிக் இடையர்' என்று பெயர்பெற்ற ஸ்காட்லாந்துக் கவி ஜேம்ஸ் ஹாக் 1770-இல் பிறந்து 1835-இல் காலமானவர். உண்மையிலேயே ஆடு மேய்த்துப் பிழைத்தவர். அவர் தம்முடைய ஸிர்ரா என்னும் நாயைப் பற்றி ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட 700 குட்டிகள் நள்ளிரவில் வெருண்டு மூன்று கூட்டமாகப் பிரிந்து மலைகளில் ஓடிவிட்டன. இருட்டில் நாயையும் காணவில்லை. இடையர்கள் இரவு முழுவதும் தேடி அலுத்து, குட்டிகள் போயின என்று முடிவு செய்து திரும்பும்போது, விடியற்காலையில் ஓர் ஆழ்ந்த பள்ளத்தின் அடியில் குட்டிகள் நிற்பதையும், அவற்றின் முன்னே ஸிர்ரா நின்று கொண்டிருப்பதையும் கண்டனர். முதலில் ஒரு கூட்டம் மட்டுமே அகப்பட்டதாக எண்ணினார்கள். எண்ணிப் பார்த்தபோது ஒன்றுகூடக் குறையவில்லை. ஹாக் கவியாதலால் சற்று மிகைப்படுத்தினார் என்று சொல்வோர் சொல்லட்டும். அந்த மலைகளில் வாழ்ந்த இடையர்களுக்கு அது நம்பத்தகாத கதையாக இருக்கவில்லை.

இத்தகைய நாய்களுள் எது சிறந்ததென்று சோதிக்க ஒரு பொது இடம் வேண்டுமல்லவா? பிரிட்டனில் பதிவாகியுள்ள முதல் மேய்ப்பு நாய்ப் பந்தயம் 1873-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வேல்ஸிலுள்ள பாலா என்னும் ஊரில் நடந்தது. வேல்ஸ் நாட்டார் நடத்திய பந்தயத்தில் வெற்றி பெற்றது, அங்கே குடியேறியிருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் 'ட்வீட்' என்ற சிறு நாய். அதுமுதல் பந்தயங்கள் பெருகின. இன்றும் நடக்கும் சர்வதேசப் போட்டியின் இறுதிச் சுற்றை ஒரு பரீக்ஷையென்றே சொல்ல வேண்டும். நாய் சுமார் 800 கஜ தூரம் ஓடிப் பத்து ஆடுகளைக் கொண்டுவர வேண்டும். அவற்றை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பிப் போய் வேறொரு திசையிலிருந்து இன்னும் பத்து ஆடுகளைக் கொண்டுவந்து முதல் கூட்டத்தோடு சேர்க்க வேண்டும். அந்த இருபதில் ஐந்து ஆடுகளுக்குக் கழுத்தில் பட்டை கட்டியிருக்கும். மற்றப் பதினைந்தையும் விலக்கி, பட்டை கட்டிய ஐந்தை மட்டும் பட்டியில் அடைக்க வேண்டும். நாய் அழகாயிருக்கிறதா என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

நார்தம்பர்லண்டில் ஆதாம் டெல்பர் என்ற குடியானவர் வீட்டில் 1893-ஆம் வருஷம் செப்டம்பரில் பிறந்த 'ஹெம்ப்' என்ற நாயே இன்றைய பார்டர் கோலிகளின் மூல புருஷன் என்று கொள்ளப்படுகிறது. அதன் தந்தை ராய் சாதுவான, இணக்கமான நாய். தாய் மெக் கூச்ச சுபாவமும் அளவுக்கு மீறிய 'கண்'ணும் உடையது. ஒன்றிலிருந்த குறையை மற்றொன்றின் நிறையால் சமன் செய்யலாமென்று டெல்பர் இரண்டையும் சேர்த்தார். பிறந்த குட்டி, குரைக்காமல், கடிக்காமல், அமைதியாகவே ஆடுகளை ஆண்டது. சுற்று வட்டாரத்து இடையர்கள் யாவரும் தம் பெட்டைகளை அதனிடம் கொண்டுவந்தனர். 1901-இல் அது இறப்பதற்குள் 200-க்கு மேற்பட்ட ஆண் குட்டிகளுக்குத் தந்தையாயிற்று என்று சொல்லப்படுகிறது. 1906-இல் ஸ்காட்லாந்திலுள்ள ஹாடிங்டன் நகரில் சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் வமிசப் பதிவேட்டில், செத்துப்போன ஹெம்புக்கு 9-ஆம் எண் கொடுத்தார்கள். 'பார்டர் கோலி' என்னும் பெயரை 1915-இல் எழுத்தில் வழங்கியவர் என்று குறிப்பிடப்படுகிறவர், அச்சங்கத்தின் காரியதரிசியாக நெடுங்காலம் உழைத்த ஜேம்ஸ் ரீட். அவர் ஏர்ட்ரி நகரத்து வக்கீல். ஸெல்லரால் வந்த அவமானத்தை ரீட் ஓரளவு துடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

பாலாவில் முதல் பந்தயம் நடந்த அதே 1873-ஆம் வருஷத்தில்தான் லண்டனில் கென்னல் கிளப் என்னும் நாய்ச் சங்கமும் தோன்றியது. இவர்களுடைய முறை வேறு. ஓர் இனத்துக்கு உயரம் இத்தனை, தலை இப்படி, வால் இப்படி, காது இப்படி என்று ஓர் இலக்கணம் வகுத்து எழுதிவிடுவார்கள். நாயை வட்டமாக நடத்திக் காட்டினால், நடுவர் அந்த இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பரிசு கொடுப்பார். பரிசு பெற்ற நாயின் குட்டிகளுக்கு விலை ஏறும். பதிவேடு மூடப்பட்டுவிடும்; அதில் பெயரில்லாத பெற்றோருக்குப் பிறந்தது எவ்வளவு கெட்டிக்கார நாயாயினும் உள்ளே வர முடியாது.

இதன் விளைவு என்னவென்பதற்கு, பார்டர் கோலியின் நெருங்கிய தாயாதியே சாக்ஷி. 1860-க்குப் பின் விக்டோரியா ராணி ஸ்காட்லாந்தில் தமது பால்மரல் அரண்மனைக்குச் சென்று தங்கிய காலங்களில் இடையர்களின் கோலி நாய்களைக் கண்டு விரும்பி வளர்க்கலானார். ராணி விரும்பியதைப் பிரபுக்கள் விரும்பாமலிருப்பார்களா? பிரபுக்கள் விரும்பியதைப் பணக்காரர்கள் விடுவார்களா? அமெரிக்கக் கோடீசுவரர் ஜே. பி. மார்கன் வரையில் இந்த மோகம் பரவிற்று. கண்காட்சிக்காக வளர்க்க வளர்க்க மயிர் நீண்டு செழித்தது. முகம் குறுகிக் கூர்மையாயிற்று. மலைமேல் ஓடி ஆட்டை மடக்கும் தொழில் போயிற்று. எரிக் நைட் 1940-இல் எழுதிய 'லாஸி' கதையையும், 1943-இல் வந்த அதன் திரைப்படத்தையும் பலர் அறிவர். அந்த நாய் இவ்வகையைச் சேர்ந்ததே. (பெட்டை நாயாகிய லாஸியாக நடித்தது ஓர் ஆண் நாய் என்பது சினிமாவுக்கே உரிய வேடிக்கை.) அன்பும் அறிவும் உள்ள நாய்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இன்று ஆயிரம் ஆடுள்ள குடியானவன் எவனும் அதைத் தேடிப் போவதில்லை.

ஆகவே, பார்டர் கோலிக்கும் தோற்ற இலக்கணம் எழுதுவோம் என்று கண்காட்சிக்காரர்கள் வந்தபோது இடையர்கள் நடுங்கியதில் வியப்பென்ன? பிரிட்டனில் 1976-இல் கென்னல் கிளப் இவ்வினத்தை அங்கீகரித்தது. அங்கே இரு சங்கங்களும் ஒருவாறு சமரசமாகப் போயின. அமெரிக்காவில் அப்படியில்லை. அமெரிக்கக் கென்னல் கிளப் 1995-இல் இதைத் தனியினமாக ஏற்றுக்கொண்டபோது, மேய்ப்பு நாய் வளர்ப்போரின் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. விலங்கின் நலத்துக்காகச் செய்கிறோம் என்று வந்தவர்களிடம் அவர்கள் கேட்டது ஒன்றே: எங்களைவிட்டு விடுங்கள். வர்ஜீனியாவில் ஆடு வளர்த்துவந்த நாவலாசிரியர் டானல்ட் மக்கேக் இந்தப் போராட்டத்தைப் பற்றி 2007-இல் ஒரு புஸ்தகமே வெளியிட்டார். போராட்டம் தோற்றது. ஆனால் அமெரிக்கப் பார்டர் கோலி சங்கம் ஒரு விதி செய்துகொண்டது: எந்த நாய் கண்காட்சியில் அழகுக்காக சாம்பியன் பட்டம் பெறுகிறதோ, அதன் பதிவு அச்சங்கத்தில் ரத்தாகும். பரிசு பெற்றதே குற்றமாகும் விசித்திரமான சட்டம் இது. அதன் நியாயம் விளங்காதவர்கள் மேலே சொன்ன கோலியின் கதையை மறுபடி நினைத்துப் பார்க்கலாம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பது முறை. இடையர்கள் மட்டும் குற்றமற்றவர்களோ என்று அவர்கள் கேட்கிறார்கள். இல்லைதான். 1963-இல் பிறந்து 1965-இல் சர்வதேசச் சாம்பியனான 'விஸ்டன் காப்' என்ற நாயிடம் எல்லோரும் தம் பெட்டைகளைக் கொண்டு சென்றனர். பொலிகாளை ஒன்றையே நம்பிய கிராமம்போல், பிற்காலத்து நாய்களின் வமிசாவளிகளில் அதன் பெயர் திரும்பத் திரும்ப வரலாயிற்று. இரத்தம் குறுகினால் மறைந்திருக்கும் நோய்கள் வெளிப்படும். கண்ணின் உட்புறத்தைக் கெடுக்கும் பரம்பரைக் கோளாறுகள் இவ்வினத்தில் நன்கு அறியப்பட்டவை. இதற்காகவே மேய்ப்பு நாய்ச் சங்கம் கண் பரீக்ஷையைப் புகுத்தியது. பந்தயமும் ஒருவகைக் கண்காட்சிதான், மெல்ல நடக்கும் ஐந்து ஆடுகளை வைத்துக் காட்டும் சாதுரியம் பனி விழும் மலைக்கு ஒத்துவருமா என்று இடையர்களுள்ளேயே சிலர் கேட்பதுண்டு. இவ்வாதங்களில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நம்முடைய அபிப்பிராயத்தில், வேலையைத் தவறாக அளந்தவன் அடுத்த மலையில் தோற்று உண்மையை அறிந்துகொள்வான்; தோற்றத்தை மட்டும் அளந்தவனுக்கோ தோல்வி என்பதே கண்ணில் படாது.

விஞ்ஞானமும் இவ்விஷயத்தில் இடையன் பக்கமே சாய்கிறதாகத் தோன்றுகிறது. 18,000-க்கு மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களை விசாரித்து, 2,000-க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்து 2022-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, தனித்தனி நாய்களின் குணவேற்றுமையில் சுமார் 9 சதவிகிதத்துக்கே இனம் காரணமாகிறது என்று கண்டது. எஜமானன் சொற்கேட்டு நடக்கும் குணத்தில் மட்டும் இனத்தின் செல்வாக்கு மற்றக் குணங்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. அதே வருஷம் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி, மேய்ப்பு நாய்களில் மூளை நரம்புகள் ஒன்றோடொன்று இணையும் வழியைச் செப்பனிடும் மரபணுக்களில் தனி வேறுபாடுகளைக் கண்டது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் என்ன ஏற்படுகிறது? தொழில் இரத்தத்தில் உண்டு. ஆனால் இனப்பெயர் மட்டும் அதற்கு உத்தரவாதமாகாது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஆட்டின் முன் நிறுத்திச் சோதித்துப் பொறுக்கினால்தான் அது நிலைக்கும். செவியட் இடையன் இதை எந்த ஆராய்ச்சிசாலையிலும் கற்கவில்லை.

இந்நாயின் அறிவைக் கேள்விப்பட்டுப் பட்டணங்களில் ஆசைப்பட்டு வாங்குவோர் பலர். நம் தேசத்து நகரங்களிலும் இப்போது வாங்குகிறார்கள். அறிவு உண்மைதான். அமெரிக்காவில் தென் கரோலினாவிலுள்ள வாபர்ட் கல்லூரியின் மனோதத்துவ ஆசிரியர் ஜான் பில்லி, தம்முடைய 'சேஸர்' என்ற பார்டர் கோலிக்கு மூன்று வருஷங்களில் 1,022 பொருள்களின் பெயர்களைக் கற்பித்து, அதை 2011-இல் விஞ்ஞானப் பத்திரிகையில் நிரூபித்தார். அறிமுகமில்லாத பெயரைச் சொன்னால், தெரிந்த பொருள்களுக்கிடையே கிடக்கும் தெரியாத ஒன்றை அது எடுத்துவந்தது. சேஸர் 2019-இல் இறந்தது. ஆனால் பில்லி தமது ஓய்வுக்காலத்தில் தினம் நாலைந்து மணி நேரத்தை அந்த ஒரு நாய்க்கே செலவிட்டார் என்பதை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். மாடி வீட்டில் அடைத்து, காலையில் அரைமணி நேரம் உலாவ அழைத்துச் செல்லும் நாயல்ல இது. மந்தை இல்லாவிடில் அது தனக்கு ஒரு மந்தையைச் சிருஷ்டித்துக்கொள்ளும்: தெருவில் போகும் மோட்டார்களை மடக்கும், குழந்தைகளை வளைத்து மூலையில் சேர்க்கும், சுவரில் அசையும் நிழலை நாள் முழுதும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பைத்தியமென்று சொல்லிப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நாய் தன் தொழிலைத்தான் செய்தது.

மலைநாட்டில் அதன் தொழிலுக்கு மதிப்புக் குறையவில்லை. நான்கு சக்கர மோட்டார் வண்டி மலையேறும் இக்காலத்திலும், 2021-இல் வேல்ஸில் பழக்கப்பட்ட 'கிம்' என்ற ஒரு வயதுப் பெட்டை நாய் 27,100 பவுனுக்கு ஏலம் போயிற்று. வாங்கியவர் வமிசச் சீட்டுக்காக மட்டும் அப்பணத்தைக் கொடுத்திருப்பார் என்று நாம் நம்பவில்லை.

சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கத்தின் விதிகளில் ஒன்று நம் கவனத்தை மிகவும் கவர்ந்தது. அச்சங்கமும் பதிவேடு வைத்திருக்கிறது. தாய் தந்தையர் பெயரையும் கேட்கிறது. ஆனால் கதவை முழுவதும் மூடிவிடவில்லை. தாய் தந்தையர் இன்னாரென்று தெரியாத, சீட்டில்லாத ஒரு நாய், எங்கோ ஒரு குடியானவனிடம் நன்றாக வேலை செய்கிறதென்றால், அவன் அதைக் கொண்டுவரலாம். சங்கம் நியமித்த நடுவர்கள் முன்னிலையில் அது மலைமேல் ஓடி, ஆடுகளை வளைத்து, இறக்கி, ஓட்டி, பிரித்து, அடைத்துக் காட்ட வேண்டும். கண் பரீக்ஷையிலும் தேற வேண்டும். தேறினால் தகுதியின் பேரில் அதன் பெயர் பதிவேட்டில் ஏறும். பதிவான நாயோடு சேர்ந்து அது ஈனும் குட்டிகளும் மற்றக் குட்டிகளைப் போலவே பதிவாகும்.